இந்த வருஷம் கவர்னர் விழ வேண்டாம்

வில்ஃபி,

நான் நலம். முழங்கால் மட்டும் இல்லை என்கிறது. உன் நலத்தையும் கேட்பதுதான் மரியாதை, கேட்டதாக வைத்துக்கொள்.

ஆகஸ்ட் முதல் திங்கள் வருகிறது. சிம்கோ கவர்னர் பெயரில் ஊரெல்லாம் கொடி கட்டிவிட்டார்கள். அவர் ஒன்டாரியோவுக்கு என்ன செய்தார் என்று நம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, ஒரு நாள் லீவு கொடுத்தார் என்பதைத் தவிர. சனங்கள் ஏரிக்கரைக்கு வந்ததெல்லாம் நீ விழுவதைப் பார்க்கத்தான். கழிவுநீர் லாரி ஓட்டுகிற நீ கவர்னர் வேஷத்தில், சிவப்புக் கோட்டும் பொய்முடியுமாய்ப் படகில் வந்து, கரையில் கால் வைக்கும்போது வழுக்கி விழுந்தாய். முதல் தடவை தற்செயல், அப்புறம் ஊர் உன்னை விடவில்லை, வருஷா வருஷம் விழுந்தாய், எழுந்தாய், தொப்பியிலிருந்து தண்ணீரைக் கொட்டினாய். போன வருஷம் விழுந்தாய், எழவில்லை. நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். நானும்தான்.

நேற்று விழாக் கமிட்டி கிளெண்டா பட்டர் டார்ட் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். தூண்டில் புழு விற்கிற கர்ட்டிஸ்தான் புதுக் கவர்னராம். பாதி டார்ட்டை அவளே தின்று முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"வெர்னா, தப்பா எடுத்துக்காதே. கர்ட்டிஸ் விழலாமா, கூடாதா? கமிட்டியில ஓட்டுப் போட்டோம், சரிபாதியா நின்னுடுச்சு. நீ சொல்றதுதான் முடிவு."

"கவர்னர்னா கவர்னர் மாதிரி நிமிர்ந்து வரட்டும். யாரும் விழ வேண்டாம்."

தலையாட்டினாள். விழாவிட்டால் கூட்டம் ஏது, ஹாட் டாக் யார் வாங்குவார்கள் என்று வாசல்வரை முனகிக்கொண்டே போனாள். நான் அந்தப் பக்கமே போகப்போவதில்லை. கொல்லையில் தக்காளிக்குக் களை பிடுங்க வேண்டியிருக்கிறது.

உன் தங்கை உன்னை நினைத்துக்கொள்கிறாள். கடவுள் உன்னைக் காயாத இடத்தில் வைத்திருக்கட்டும், உனக்குத் தண்ணீர்தானே பிடிக்கும்.

உன் தங்கை வெர்னா

பி.கு. இதைத் தபாலில் சேர்க்க வழியில்லாமல் மேசையிலேயே கிடந்தது, அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். போனேன். கர்ட்டிஸ் நிமிர்ந்துதான் வந்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, சர்ச்சில் நிற்பதுபோல் நின்றார்கள், உன்னைப் புதைத்த அன்றைக்குக்கூட இவ்வளவு மோசமில்லை. என்னால் தாங்க முடியவில்லை. "விழுந்து தொலைடா, கர்ட்டிஸ்" என்று கத்திவிட்டேன். தொப்பென்று விழுந்தான். கரை முழுக்கக் கை தட்டியது, நான்தான் முதலில் தட்டினேன். போன வருஷமும் இப்படித்தான் தட்டினோம். அது உனக்குக் கேட்டுதா, வில்ஃபி?