மாப்பிள்ளையின் காரைத் தானம் செய்த விவரம்

தாமுவே, ரங்கூன்.

எங்கள் வீட்டுக்கு வாய்த்த மாப்பிள்ளை கார்த்திகேசன் அவர்களுக்கு மாமியார் மீனம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சிங்கப்பூரில் நீங்களும் என் மகள் கலாவும் அப்படியே இருக்க அம்மன் துணை.

முதலில் பேரப்பிள்ளைகள் சேதி. என் மகன் மோகனின் மூத்தவள் ரேவதி பத்தாவதில் மூன்று பாடத்தில் டிஸ்டிங்ஷன். இளையவன் கோபிகிருஷ்ணன் கோயில் தமிழ் வகுப்புப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. பேசியதே இரண்டு பேர்தான் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். உங்கள் மகன் ரமேஷ்குமார் நீச்சலில் பதக்கம் வாங்கியதை மார்க்கெட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு வெற்றி. உங்கள் வெள்ளைக் காரைத் தானம் செய்துவிட்டேன்.

பதறாமல் முழுவதும் படியுங்கள். சிங்கப்பூர் போகும்போது "அத்தை, காரைப் பாத்துக்குங்க" என்றீர்கள். இரண்டு வருடம் பார்த்தேன். நான் பார்க்கப் பார்க்கவே நாலு டயரும் தரையில் உட்கார்ந்தன, டிக்கியில் பூனை இரண்டு தடவை குட்டி போட்டது. அப்போதுதான் மோகன் கடை வரிக் காகிதத்தை வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் இருந்தான். அவன் கடைக்குக் கணக்குப் பார்க்கும் இக்ரா, "அங்கீகாரம் உள்ள தர்ம சங்கத்துக்குக் கொடுத்தா வருமானத்துல கழிச்சுக்கலாம் அண்ணே, பணமாத்தான் கொடுக்கணும்னு இல்ல" என்றாள். அவர்கள் அந்தப் பேச்சை அங்கேயே விட்டார்கள், நான் விடவில்லை. ஐந்தாவதோடு நின்றவளானாலும் வாசலில் நிற்பது என்னவென்று எனக்குத் தெரியாதா?

ரங்கூன் அலோன் பேட்டையில் துறைமுகக் கூலிகளுக்கு இலவச வைத்தியம் பார்க்கும் சங்கம் ஒன்று, நோயாளிகளை சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு அல்லாடுகிறது. தலைவர் ஊ தின் மவுங் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "ஓடுமா, டோ மீனம்மாள்?" என்று பர்மிய மரியாதையோடு கேட்டார். "ஓட்டினா ஓடும்" என்றேன். டயருக்குக் காற்றடித்து, டீக்கடை ஆட்கள் ஆறு பேர் தள்ளினார்கள். மூன்றாம் சந்தில் இருமியது, நாலாம் சந்தில் உயிர் வந்தது, தெருவே கை தட்டியது. பக்கத்து வீட்டு வேலம்மா மட்டும், "மாப்பிள்ளை காரைக் கொடுத்து மாமியாருக்குப் புண்ணியமாக்கும்!" என்றாள். "புண்ணியம் மாப்பிள்ளைக்கு, வரிக் கழிவு மகனுக்கு, வாசல் எனக்குடி" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

இங்கே தானமென்றால் தண்ணீர் ஊற்றித்தானே கொடுப்பார்கள். பிக்கு ஓத ஓத நான் செம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஊற்றியதைத் திரும்பக் கேட்பது பெரும் பாவம். இந்த வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறேன். மறுநாளே ஒரு பிரசவக்காரியை ஏற்றிப் போயிருக்கிறார்கள். தள்ளாமலே ஓடியதாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகுதான் குழந்தை பிறந்ததாம். கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது மாப்பிள்ளை.

நீங்களும் கலாவும் பிள்ளையும் யாரும் தள்ளாமலே நூறு வருடம் நன்றாக ஓட வேண்டும்.

இப்படிக்கு,
மீனம்மாள்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் இக்ரா வந்தாள். வண்டிப் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருப்பதால் கழிவு மோகனுக்குக் கிடையாதாம், உங்களுக்குத்தானாம். உங்களுக்கோ இங்கே வருமானமே இல்லை. உங்கள் கையெழுத்து இல்லாமல் கார் சங்கத்துக்கும் சேராதாம். ஆக, சட்டப்படி நான் இன்னும் ஒன்றும் தானம் செய்யவில்லை. கூட வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, உங்கள் புதிய போட்டோ ஒன்றையும் தபாலில் அனுப்புங்கள். கோபம் ஆறிய பிறகு எடுக்கவும். கொடுத்தவர் படத்தைச் சங்கத்துச் சுவரில் மாட்டுவார்கள், நோயாளிகள் பார்த்துப் பயப்படக் கூடாது.