மூக்கு நகர்ந்த அரசாணை

படங்களை நம்பியே ஆட்சி நடந்த நாடு சித்திரகிரி. அங்கே அரண்மனை அச்சு இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவள் பூவாத்தாள் ஒருத்திதான். மாமன்னர் அகண்டவர்மரின் பிறந்தநாள் பேனரை அவள் அடித்தபோது மை பாயும் துளை ஒன்று அடைத்துக்கொண்டது. மன்னரின் மூக்கு காதுப்பக்கம் நகர்ந்தது. கண்கள் பச்சைக் கோடுகளாகக் கிழிந்தன. அவள் கவனிப்பதற்குள் கோட்டை வாசலில் கட்டிவிட்டார்கள்.

"துளை அடைச்சிருச்சுங்க ஐயா. ஈரத்துணியால ஒரு துடை துடைச்சா சரியாயிரும்" என்றாள் கலைமந்திரி நல்லசிவத்திடம்.

மந்திரி யோசித்தார். பிழை என்றால் மன்னரிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். "அம்மா, இது பழுதல்ல. பழுதின் பேரழகு" என்றார். மன்னரும் அண்ணாந்து பார்த்து, "நமக்குள் இவ்வளவு ஆழம் இருப்பது நமக்கே தெரியாமல் போயிற்றே" என்று மகிழ்ந்தார்.

மறுநாள் அரசாணை வந்தது. சிதையாத படம் வைத்திருப்பது தேசத்துரோகம். வழிகாட்டிப் பலகைகளில் அம்புக்குறிகள் உடைந்தன. வைத்தியசாலைக்குப் புறப்பட்டவர்கள் சுடுகாட்டில் போய் நின்றார்கள். பிறகு அரிசி அட்டைகளும் சிதைந்தன. அட்டையில் பெயர் கிடையாது, படம் மட்டும்தான். அது முகத்தோடு பொருந்தினால்தான் அரிசி. ஒருவருக்கும் பொருந்தவில்லை.

"அட்டையைத் திருத்தலாமா?" என்று சபையில் ஒருவர் கேட்டார்.

"அட்டை அரசாங்கத்தினுடையது. முகம்தான் மக்களுடையது. திருத்துவதானால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும்" என்றார் மந்திரி.

பூவாத்தாளின் மகள் செவந்திக்கு ஆறு வயது. முகத்தில் பச்சைக்கோடு வரைந்துகொண்டு மூன்று நாள் வரிசையில் நின்றாள். கோடு ஒரு விரல் தள்ளியிருப்பதாகத் திருப்பி அனுப்பினார்கள். நான்காம் நாள் எழுந்து நிற்கவே தெம்பில்லை. பூவாத்தாள் ஈரத்துணியால் துளையைத் துடைத்து, மகளுக்குச் சிதையாத அட்டை ஒன்று அடித்து, அவளைக் கடைக்குத் தூக்கிப்போனாள். கடைக்காரர் முகம் பொருந்துகிறதென்று அரிசியை அளந்தார்; பிறகு கடமை தவறாமல் அட்டையைப் பிடுங்கி மேலிடத்துக்கு அனுப்பினார்.

யாரோ துளையைத் துடைத்தார்கள் என்று எழுதினால் அது அடைத்திருந்தது என்றாகிவிடும். ஆகவே குற்றம் படத்திலிருந்த சிறுமியின் மேல் எழுதப்பட்டது. மந்திரி அந்த அட்டையைப் பூவாத்தாளிடமே கொண்டுவந்தார். "இவளைப் பிடிக்க வேண்டும். ஆயிரம் சுவரொட்டி அடி."

"தெளிவா அடிக்கட்டுங்களா ஐயா?"

"சட்டம் தெரியாதா உனக்கு?"

"தெரியுங்க" என்றாள் பூவாத்தாள். காய்ந்த மையை எடுத்துத் துளையில் தன் கையாலேயே அடைத்தாள்.

அரிசிக்கு யாருக்கும் பொருந்தாத அதே கோடுகள் கைதுக்கு எல்லாருக்கும் பொருந்தின. காவலர்கள் தெருத்தெருவாக அள்ளினார்கள். சிறையில் சோறு போட அட்டை கேட்பதில்லை என்று தெரிந்ததும், மிச்சமிருந்தவர்கள் சுவரொட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு, "இது நான்தானுங்க" என்று வாசலில் வரிசைகட்டினார்கள். கடைசியில் காவலர்களும் வந்து நின்றார்கள். பூவாத்தாளும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மாதமே தேர்தல் வந்தது. வெளியே மன்னரும் மந்திரியும் மட்டுமே இருந்தார்கள். நூற்றுக்கு நூறு வாக்குகள் பெற்று மன்னர் வென்றதாக மந்திரி சிறை வாசலில் நின்று அறிவித்தார். செவந்தி அப்போது இன்னொரு கரண்டி சோறு கேட்டுக்கொண்டிருந்தாள்.