மா ஆலையில் பெண் பார்த்த கதை

இரகசியமாகச் செய்யும் காரியத்துக்குப் பட்டுச்சேலை உடுத்தக் கூடாது. இது எனக்கு இருபத்தைந்து வயதில், 2000களின் நடுவில், ஒஸ்லோவில் ஒரு பழைய மா ஆலைக்குள் தெரியவந்த உண்மை.

மாப்பிள்ளை பேர்கன் நகரில் இருந்து தாயோடு என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. வீட்டுக்கு வந்தால் அயலுக்குத் தெரிந்துவிடும். கோயிலில் சந்தித்தால் பூசை முடியுமுன் ஒஸ்லோத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சரிவராமல் போனால் மானம் போகும். ஆகவே தமிழர் எவரும் எட்டிப்பார்க்காத இடமாக அம்மா தேடிப்பிடித்ததுதான் அந்த ஆலை. ஆற்றுத் தண்ணீரில் ஓடுவது. பழுதுபார்த்து, ஞாயிறுகளில் மா அரைத்துக் காட்டுவார்கள்.

"தற்செயலாக் கண்ட மாதிரி நில்லு," என்றார் அம்மா. (மழைச்சட்டை போட்ட வெள்ளைக்காரர்களுக்கு நடுவில், பட்டுச்சேலையில், தற்செயலாக!)

ஆலைக்காரர் எங்கள் இருவரையும், வந்துசேர்ந்த மாப்பிள்ளையையும் தாயையும் பார்த்து, ஒரே குடும்பமா என்று கேட்டார். "இல்லை!" என்று நாலு பேரும் ஒன்றாகக் கத்தினோம். மனிதர் பயந்துபோனார்.

பிறகு மாப்பிள்ளையின் தாய் 'தற்செயலாக' எங்களோடு கதைக்கத் தொடங்கினார். பேர்கன் மழை, தன் முழங்கால், அயல்வீட்டுக்காரியின் முழங்கால் என்று போய்க்கொண்டே இருந்தார். மகன் பின்னால் நின்று, மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஆலை ஓடத் தொடங்கியது. கல் உறுமியது, பலகைத் தரை அதிர்ந்தது, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. அம்மா என் காதுக்குள் கத்தினார்: "என்ன பிள்ளை, பிடிச்சிருக்கோ?"

நானும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "அவரைப் பிடிச்சிருக்கு அம்மா! ஆனா தாய் மூச்சு விடாமலெல்லோ கதைக்கிறா!"

ஆலைக்காரர் தண்ணீரை மறித்து ஆலையை நிறுத்தியதை நான் கவனிக்கவில்லை. முதல் பாதி இரைச்சலோடு போய்விட்டது. இரண்டாம் பாதி ஆலை முழுக்கக் கேட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது. மாப்பிள்ளையின் தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, இவனும் இதைத்தான் சொல்லுறவன். 'ஆனா'வுக்கு முன்னாலை என்ன சொன்னனீர்?"

அந்த நிசப்தத்தில் அதை எப்படிச் சொல்வது? அந்த "இல்லை!"க்குப் பிறகு மாப்பிள்ளை முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"மில்லைத் திருப்பி ஓடவிடச் சொல்லட்டோ?"

கலியாணம் நடந்தது. மாமி இன்றும் ஞாயிறுதோறும் பேர்கனில் இருந்து தொலைபேசி எடுக்கிறார். அரைமணி நேரம் போனபின் திடீரென்று சத்தம் நின்றுவிடும்.

"பிள்ளை, இப்ப மூச்சு விடுறன்," என்பார். விட்டுவிட்டுத் தொடர்வார்.