மூன்று வாரப் பூனை நிபுணர்

நம் ஊரில் நிபுணர்கள் இரண்டு வகை. படித்து, தேர்வெழுதி, பத்திருபது வருடம் கையைச் சுட்டுக்கொண்டு, கடைசியில் 'உறுதியாகச் சொல்ல முடியாதுங்க' என்று இழுக்கிறவர்கள் ஒரு வகை; இவர்களை யாரும் மதிப்பதில்லை. இன்னொரு வகையினர் மூன்றே வாரத்தில் முதிர்ந்துவிடுகிறார்கள். ஒரு பொருளையோ பிராணியையோ வீட்டுக்குள் கொண்டுவந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். முதல் வாரம் வியப்பு. இரண்டாம் வாரம் விளக்கம். மூன்றாம் வாரம் ஊருக்கு உபதேசம். இவரை அடையாளம் காண்பது எளிது. நீங்கள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கியதுமே 'அது தப்பு' என்பார். எது தப்பு என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்வார்.

இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் அடையாறு காந்தி நகரில், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் இசக்கிமுத்துவைப் பார்க்கலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து, மேலாளராகி, போன வருடம் ஓய்வுபெற்றவர். ஓய்வில் அவருக்கு ஒரே ஒரு சிரமம்தான்: சொல்வதற்கு நிறைய இருந்தது, கேட்பதற்கு ஆள் இல்லை. மனைவி ஜோதிலட்சுமி சாந்தோமில் கணக்கு டீச்சர். நாள் முழுக்க நாற்பது பேரின் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறவர் நாற்பத்தொன்றாவது ஆளை வீட்டில் அனுமதிப்பதில்லை. அந்தச் சமயத்தில்தான் மலாய் வந்தது.

மலாய் ஒரு பாரசீகப் பூனை. ஆண். பெயருக்கேற்ற பாலாடை நிறம், தட்டையான முகம், எதையும் ஏற்கெனவே கேள்விப்பட்டுவிட்டதைப் போன்ற பார்வை, உடம்பைவிட இரண்டு மடங்கு முடி. தி.நகரில் வீடு மாற்றிப்போன யாரோ கட்டில், பீரோ, துளசித் தொட்டி எல்லாவற்றையும் மறக்காமல் ஏற்றிக்கொண்டு, பூனையை மட்டும் கார் நிறுத்துமிடத்தில் விட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துவந்து தேற்றியவள் அஸ்மத்துன்னிசா. மயிலாப்பூர்க் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருப்பவள். ஜோதிலட்சுமியின் ரவிக்கைகளை வருடா வருடம் பிரித்துத் தைப்பவள். கைவிடப்பட்ட பூனைகளைத் தேற்றி நல்ல வீடு பார்த்துக் கொடுப்பாள். கொடுப்பதில் ஒரு நிபந்தனை உண்டு.

"ஒரு மாசம் வெச்சுப் பாருங்க சார். ஒரு மாசம் கழிச்சு நான் வருவேன். எனக்குப் புடிச்சிருந்தா உங்களுது. புடிக்கலன்னா கூட்டிக்கினு பூடுவேன். அப்பால கோச்சுக்கக் கூடாது."

கூடவே ஒரு எஃகுச் சீப்பையும் கொடுத்து, தினம் பத்து நிமிஷம், தோலிலிருந்து நுனி வரைக்கும், வயிற்றுப் பக்கத்தையும் விடாமல் வார வேண்டும் என்றாள். இசக்கிமுத்து சீப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்றார். அதுவரை அவர் பூனையைத் தொட்டதுகூட இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் மலாயைக் காட்சிக்காக வைத்துக்கொள்ளவில்லை. வந்த மூன்றாம் நாள் காலை, அவர் நாளிதழை விரித்து வழக்கம்போல் உரக்க வாசித்து, ஒவ்வொரு செய்திக்கும் அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பூனை வந்து இரண்டாம் பக்கத்தின்மேல் உட்கார்ந்தது. அவர் பேசினார். அது உட்கார்ந்திருந்தது. விளையாட்டுப் பக்கம் வரை பேசினார். அப்போதும் உட்கார்ந்திருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை எழுந்து போகாத முதல் ஜீவனை இசக்கிமுத்து அறுபதாவது வயதில் சந்தித்தார். அன்றிலிருந்து அதற்காகப் பகலெல்லாம் ஏ.சி. ஓடியது, அவரும் மனைவியும் மின்விசிறிக்கடியில் இருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுப்பது என்ற நினைப்பையே அவர் பக்கத்தில் அண்டவிடவில்லை. இப்படி ஒரு பிரியம் வந்துவிட்டால் சாதாரண மனிதன் என்ன செய்வான்? சீப்பை எடுப்பான். நிபுணர் என்ன செய்வார்? பேச்சை எடுப்பார்.

எடுத்தார். காலை நடையில் பூங்காவைச் சுற்றுகிறவர்களுக்குப் பூனையின் செரிமானத்தைப் பற்றிச் சொன்னார். குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டிருந்ததற்குக் கீழே, நீளமுடிப் பூனைகளின் மனநிலை குறித்து ஒன்பது பத்தி எழுதினார். தடுப்பூசிக்குப் போன இடத்தில், பதினான்கு வருடமாக நான்கு பூனைகள் வளர்க்கும் ஒரு பெண்மணிக்குப் பூனை வளர்ப்பது எப்படி என்று விளக்கினார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார். அது மருத்துவமனை, எழுந்து போனால் வரிசை போய்விடும்.

இவ்வளவுக்கும் நடுவில் சீப்பு பையிலேயே இருந்தது. ஒருமுறை எடுத்தார். மலாய் திரும்பி ஒரு பார்வை பார்த்து, புறங்கையில் இரண்டு கோடு கிழித்தது. அந்தக் கணத்திலேயே இசக்கிமுத்துவிடம் ஒரு கோட்பாடு உருவாயிற்று. அடிக்கடி வாரினால் முடியின் வேர் பலவீனமாகும், இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், காட்டில் புலிக்கு யார் சீப்பு வாங்கிக் கொடுத்தார்கள்? புலிக்கு அரை அங்குல முடிதானே என்று ஜோதிலட்சுமி விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். அது தப்பு என்று இவர் சொன்னார்.

மூன்றாம் வாரம் இயற்கை தன் வேலையைக் காட்டியது. அடையாற்றுக் காற்றில் இருக்கும் ஈரமும் ஏ.சி. அறையின் வறட்சியும் மாறி மாறிப் பட்டு, காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு, கக்கத்தில் ஒரு சிக்கு, வயிற்றில் தேங்காய் நார் உருண்டைபோல் நான்கைந்து. மலாய் நடக்கும்போது காலை அகற்றி வைத்தது. அஸ்மத்துன்னிசா வர இன்னும் ஒன்பது நாள்.

இப்போது அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மருத்துவரைக் கேட்டிருக்கலாம். அந்த நான்கு பூனை அம்மாளைக் கேட்டிருக்கலாம். ஆனால் யாரிடம் கேட்பது? எல்லோரிடமும்தான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே. மூன்று வார நிபுணரின் துயரம் இதுதான்: ஊர் முழுக்க விடைகளைக் கொடுத்துவிட்டபின், ஒரு கேள்வியைக் கேட்பதற்கு அவருக்குத் தெருவில் ஒரு வாசலும் மிச்சமிருப்பதில்லை.

ஆகவே தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை காலை விடை கிடைத்தது. அன்று அவர் தலையில் நல்லெண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. அறுபது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் தேய்த்துக் குளிக்கும் தலை. சிக்கு என்பதையே அறியாத தலை. (அதில் சிக்கு விழுமளவுக்கு முடி இல்லை என்பது வேறு விஷயம்.) பூனைக்கு மட்டும் என்ன, அது முடி இல்லையா? எண்ணெயை லேசாகச் சூடுபண்ணி, இரண்டு மிளகு தட்டிப்போட்டு, ஆறவைத்து, மிளகை எடுத்தெறிந்துவிட்டு, மலாயை மடியில் போட்டு உச்சந்தலையிலிருந்து வால் வரைக்கும் பொறுமையாகத் தேய்த்தார். அரைமணி ஊறவிட்டார். எண்ணெய் போக என்ன போடுவது? சீயக்காய் கண்ணில் எரியும் என்று இரக்கப்பட்டார். பயத்தம்மாவு போட்டார்.

எண்ணெயும் மாவும் நீளமான முடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமையல் அனுபவம் போதும். அவருக்கு அதுவும் இல்லை. தண்ணீர் ஊற்றினார். குழைந்தது. இன்னும் கொஞ்சம் மாவு போட்டார். கெட்டியானது. துவட்டி வெயிலில் உட்கார வைத்தபோது மலாய் மேல் அடை வார்த்ததுபோல் இருந்தது. அப்புறம் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நக்கியது. நல்லெண்ணெய் உள்ளே போனது. உள்ளே போனது இரண்டு நாள் வெளியே போனது.

திங்கட்கிழமையிலிருந்து மலாய் கட்டிலுக்கடியில் இருந்தது. காலையில் இசக்கிமுத்து நாளிதழை விரித்தார். இரண்டாம் பக்கம் காலியாக இருந்தது. உரக்க ஒரு செய்தி வாசித்தார். நிறுத்தினார். அதற்கு மேல் அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும் என்று அவருக்கு எதுவும் தோன்றவில்லை. செவ்வாயும் அப்படியே. புதனன்று ஜோதிலட்சுமி பள்ளிக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏங்க, அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கணக்கு டீச்சர்கள் விடையைக் காட்டிவிட்டு வழிமுறையை நம்மிடம் விட்டுவிடுவார்கள்.

இசக்கிமுத்து போட்டார். நலம் விசாரித்தார். கடை எப்படி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கே.கே. நகரில் தமக்கு ஒரு நண்பர் இருப்பதாகவும், அவரும் இப்படியொரு பூனையை வாங்கிவிட்டு ஒன்றும் தெரியாமல் எண்ணெய் தேய்த்துவிட்டதாகவும், தாம் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்றும், அந்த ஆளுக்கு என்ன யோசனை சொல்லலாம் என்றும் கேட்டார்.

எதிர்முனையில் தையல் மெஷின் நின்றது.

"எண்ணெயா?"

"நல்லெண்ணெய்."

"வேற?"

"கொஞ்சம் பயத்தம்மாவும் போட்டுட்டாராம்."

"அந்த ஃப்ரெண்டாண்ட சொல்லுங்க சார், ஞாயித்துக்கெழம காலீல நான் வரேன்னு. அது வரைக்கும் அவரு கைய வெச்சுக்கினு சும்மா இருக்கணும். வூட்டு அட்ரஸ் எனக்குத் தெரியும்."

ஞாயிறு காலை அஸ்மத்துன்னிசா வந்தாள். ஒரு கையில் முடி வெட்டும் மெஷின். இன்னொரு கையில், கம்பிக் கதவு வைத்த பூனைக் கூடை. அதைக் காலியாக வாசலோரம் வைத்தாள். இசக்கிமுத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தார். ஜோதிலட்சுமி காப்பி போட உள்ளே போய், போட்டு முடித்தும் வெளியே வரவில்லை.

பால்கனியில் பழைய வேட்டியை விரித்து மலாயை அவர் பிடித்துக்கொள்ள, அவள் வழித்தாள். இவர் பேசிக்கொண்டே இருந்தார். சென்னைத் தட்பவெப்பம், பாரசீக மலைப்பகுதி, முடியின் அடுக்குகள்.

"சார், பேசாம புடிங்க. நீங்க பேசுனா உங்க கை ஆடுது. கை ஆடுனா பூன பயப்புடுது."

பேசாமல் பிடித்தார். சிக்கு கம்பளித் துண்டுகளாக, பாளம் பாளமாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த பூனை எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. கக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு தோல் சிவந்து, உரிந்து, கசிந்திருந்தது. மெஷினை நிறுத்தி அவள் அந்த இடத்தைக் காட்டினாள்.

"இது எப்புடி ஆச்சு சார்?"

"பொதுவா நீள முடி இருக்கிற பூனைகளுக்கு..." என்று ஆரம்பித்தார். அவள் திரும்பிக் கூடையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"நான் வாரவே இல்லம்மா" என்றார். "எப்படி வாரணும்னு தெரியல. கேக்கவும் இல்ல."

நான்கு வாரத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது. பாருங்கள், எவ்வளவு சின்னதாக இருக்கிறது. அஸ்மத்துன்னிசா புண்ணுக்கு மருந்து போட்டாள். சீப்பை எங்கே என்று கேட்டு வாங்கி, தலையிலும் வாலிலும் மிச்சமிருந்த முடியில், அவர் கையைத் தன் கையால் பிடித்து, வாரிக் காட்டினாள். மலாய் கீறவில்லை. சரியாக வாரினால் கீறாதாம்.

"முடி வளர ஆறு மாசம் ஆவும். அது வரைக்கும் இங்கியே வுட்டுட்டுப் போறேன். ஆனா ஒண்ணு. யாரு பூனையப் பத்திக் கேட்டாலும், எனக்குத் தெரியாதுன்னு சொல்லணும். வேற ஒண்ணுமே சொல்லக் கூடாது. சொன்னீங்கன்னு என் காதுல வுழுந்துச்சு, கூடையக் கொண்டாந்துருவேன்."

"யார் கேட்டாலுமா?"

"யாரு கேட்டாலும்."

"தெரிஞ்ச விஷயமா இருந்தா?"

அவள் கூடையைக் கையில் எடுத்தாள்.

"சரிம்மா" என்றார் இசக்கிமுத்து.

வழியனுப்பக் கீழே இறங்கினார். மலாய் அவர் தோளை விடாததால் அதுவும் கூடவே வந்தது. சிங்கத்தின் தலை, கோழியின் உடம்பு, வால் நுனியில் ஒரு குஞ்சம். அஸ்மத்துன்னிசா ஸ்கூட்டரில் கூடையை மாட்டிக்கொண்டிருந்தபோது இரண்டாம் மாடி ஸ்ரீகிருஷ்ணா பால் பாக்கெட்டோடு வாசலில் எதிரே வந்தார். மயிலாப்பூரிலிருந்து போன வருடம் குடிவந்தவர். மீன்தொட்டி வைத்திருக்கிறார், மற்றபடி அவர் வீட்டில் பிராணி எதுவும் கிடையாது.

"என்ன சார், இப்படி மழிச்சுட்டேள்? வெயிலுக்கா?"

பாருங்கள், எப்பேர்ப்பட்ட வாய்ப்பு. பதிலையும் அவரே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். 'ஆமா, இந்த ஊர் வெயிலுக்கு இதுதான் முறை' என்று ஒரு தலையசைப்புப் போதும். மிச்சம் அரைமணி நேரம் தன்னால் வரும். இசக்கிமுத்துவின் வாய் திறந்தது. ஸ்கூட்டர் கண்ணாடியில் இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்களுக்காகச் சொன்னாரா, தோளில் நகத்தை ஊன்றியிருந்த அந்த மெலிந்த உடம்புக்காகச் சொன்னாரா என்று தெரியாது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

ஸ்கூட்டர் கிளம்பியது. பால் பாக்கெட் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறியது. "தெரியாதா? நான் சொல்றேன் கேளுங்கோ. வேப்பிலையைக் கொதிக்க வெச்சு, வடிகட்டி, அதுல துளி மஞ்சளைக் கரைச்சுண்டு..." என்று ஸ்ரீகிருஷ்ணா தொடங்கினார். பால் வெதுவெதுப்பாகும்வரை சொன்னார். மலாய் தோளில் தூங்கிப்போயிற்று. இசக்கிமுத்து ஒன்றும் சொல்லாமல் நின்றார். மேலே போனதும் சீப்பை எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இனம் அழிந்துவருகிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் வாயை மூடினால் அந்த இடம் ஐந்து நிமிஷம்கூடக் காலியாக இருப்பதில்லை. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'அவர் அப்படிச் செய்திருக்கக் கூடாது, இப்படிச் செய்திருக்க வேண்டும்' என்று ஒரு யோசனை உங்களுக்குள் எழுந்ததல்லவா? எழுந்திருக்கும்; நல்ல யோசனையாகத்தான் இருக்கும். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் பூனை உண்டா? உண்டென்றால் கொஞ்சம் கவனமாக இருங்கள். இல்லையென்றால், ரொம்பக் கவனமாக இருங்கள்.