தொட்டால் மணி அடிக்கும் அறை

எங்கள் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கித் தேடினாலும், ஷாக்கைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட இன்னொரு ஆள் கிடைக்கமாட்டான். செம்மேடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தான். கரண்டு வருகிறதா என்று எல்லாரும் டெஸ்டரால் பார்ப்பார்கள். இவன் விரலால் பார்ப்பான்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

நான் அங்கே பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கோடை விழா வந்தால் சமுதாயக் கூடம் முழுக்க என் ஓவியங்கள்தான். ஜனங்கள் படத்துக்கு இரண்டு வினாடி ஒதுக்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து, நேரே பஜ்ஜிக் கடைக்குப் போய்விடுவார்கள். அதற்கே நான் பூரித்துப்போவேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் கூடத்தின் உள்ளறையை ஷாக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். சாமான் வாங்க பெங்களூர் போனவன், ஏதோ கண்காட்சியில் ஆள் கையை ஆட்டினால் திரையில் படமும் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. தரையெல்லாம் ஈரச் சாக்கு, சுவரில் ஒரு செப்புத் தகடு, பேட்டரி, ஒயர். தகட்டைத் தொட்டால் மணி அடிக்கும், கலர் பல்பு எரியும். பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு தொட்டால் வேறு சத்தம். பத்துப் பேர் கைகோத்தால் கச்சேரிதான்.

"இதிலே படம் எங்கே ஷாக்கு?" என்று கேட்டேன்.

"வர்றவங்கதானுங்க மாஸ்டர் படம். நான் வெறும் ஒயருங்க."

மலைக்குள் தள்ளியிருக்கும் தேவனூர் நாட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஜீப் ஜீப்பாக வந்து இறங்கினார்கள். வருடக்கணக்கில் முகம் பார்க்காத பங்காளிகள் இரண்டு பேர், என்ன சத்தம் வரும் என்று பார்ப்பதற்காகவே கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் படங்களுக்கு எதிரே நின்றவர்கள் எல்லாரும் உள்ளே போக வரிசையில் நின்றவர்கள். பொறாமைதான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து, சென்னைக் கண்காட்சிக்கு ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்தெடுக்க அங்கிருந்து ஒரு அம்மா வருவதாகத் தகவல் வந்தது. பதினெட்டு வருடமாக நான் காத்திருந்த வாய்ப்பு. முந்தின நாள் மதியம், ஆளில்லாத நேரத்தில் உள்ளே போய்த் தகட்டைத் தொட்டேன். சத்தமே இல்லை. சாக்கு ஈரத்தில் ஷூ பாழாகிறதே என்று கழற்றிவிட்டு மறுபடி தொட்டேன், கணீரென்று அடித்தது. அப்போதுதான் விளங்கியது, வெறுங்கால் ஈரச் சாக்கில் பட்டால்தான் மணி. உள்ளறை வாசலுக்கு மேலே நான் வரைந்த எட்டுக்கை அம்மன் படம் தொங்கியது. அதைப் பார்த்ததும் ஜனங்கள் கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். வரைந்தவன் என்ற திமிரில் நான் மட்டும் ஷூவோடு நுழைந்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து செருப்பே போடாத ஷாக்குக்கு இந்தச் சங்கதி தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அம்மனைக் கழற்றி, முன்கூடத்து நடுச்சுவரில் மாட்டினேன்.

சென்னை அம்மா ஷூவோடு உள்ளே போய்த் தொட்டார். ஒன்றும் இல்லை. கூட வந்த அதிகாரிகளும் தொட்டார்கள். ஷாக்கு தொட்டால் மட்டும் அடித்தது. பாவம், வியர்த்து வழிய ஒயர் ஒயராகத் தடவினான். நான் கதவோரம் நின்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சட்டென்று அவன் தன் காலைப் பார்த்தான். அவர்கள் காலைப் பார்த்தான். வாசலுக்கு வந்து மேலே இருந்த வெறும் ஆணியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கப்போகிறான் என்று கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"ஏனுங்கம்மா, மாஸ்டரு படத்த இங்க மாட்டாம இது ஓடாதுங்க," என்றான். "என்னுது தொட்டாத்தான் வேல செய்யும். அவரு படம், பாத்ததுமே ஆளக் குனிஞ்சு செருப்பக் கழட்ட வெச்சுப்போடுதுங்க. ரெண்டும் சேந்துதானுங்க ஒண்ணு."

என் கையாலேயே அம்மனைக் கொண்டுவந்து மாட்டினேன். அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். என் படம் ஒருவரை அசைத்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டும் சேர்ந்தே சென்னைக்குப் போயின. அங்கே அவன் பெயரை என் பெயருக்கு மேலே எழுதிவிட்டார்கள். அதற்கும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

அந்த ஆணியைப் பற்றி ஷாக்கு கடைசி வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று இன்றைக்கும் அவன் மேல் பொறாமைதான்.