ஒரே ஒரு குறைக்காரர்

பிரெஞ்சுக்காரன் வகுத்த பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் மேர் என்னும் ஊர்த்தலைவர் வைத்திருக்கும் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். பிறந்தவருக்குப் பக்கம் உண்டு, இறந்தவருக்குப் பக்கம் உண்டு, கட்டிக்கொண்டவருக்கும் உண்டு. ஒரே ஒரு குறைக்காரருக்கு மட்டும் கிடையாது. அதனால் அப்படி ஓர் இனமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பெரிய தெருவாக இருந்தால் இரண்டு பேர்.

அடையாளம் சொல்கிறேன். எதிரே ஒரு முகம் வந்தால் நாமெல்லாம் சௌக்கியமா என்று கேட்போம். இவர் கேட்கமாட்டார். தலையை இடப்பக்கம் ஒரு சாய்ப்பு, வலப்பக்கம் ஒரு சாய்ப்பு சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, மாட்டுத் தரகன் பல் பார்ப்பதுபோல் அந்த முகத்தை நெற்றியிலிருந்து மோவாய்வரை ஏற இறங்கப் பார்த்து, கடைசியில் நம்மேல் இரக்கப்பட்டு ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு தீர்ப்பு.

"எல்லாம் சரிதான். ஒரே ஒரு கொறை."

வில்லியனூர்த் தேரில் அம்மன் எழுந்தருளும்போது கும்பிட்ட கையை இறக்காமலே, "அலங்காரம் எல்லாம் சரிதான், மூக்குத்திதான் எடுப்பா இல்லே" என்பார். சாவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு ஓர் அடி பின்னால் வந்து நின்று, "மொகம் களையாத்தான் கீது, தாடையைக் கட்டினதுதான் கொஞ்சம் கோணல்" என்பார். செத்தவர் எழுந்து சரி செய்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது!

அவர் முகம் எப்படி என்கிறீர்களா? அதை யார் பார்த்தார்கள்? குறை சொல்கிறவர் எதிரே நிற்கும்போது நம் முகத்தை மறைத்துக்கொள்ளவே நமக்கு நேரம் போதவில்லை.

கிருமாம்பாக்கத்தில் இந்த இனத்தின் தலைவர் உலகநாதன். அவருக்கு அழகு சாஸ்திரம் எங்கிருந்து வந்தது என்று பலரும் வியப்பதுண்டு. புதுச்சேரி சோப்புக்கடைக்காரர் வருஷா வருஷம் இனாமாகக் கொடுக்கும் காலண்டரிலிருந்து வந்தது. காலண்டர்ப் பெண் பூசணிக்காயாக இருந்த வருஷம் ஊரில் ஒல்லிப் பெண்களுக்கெல்லாம் குறை. முப்பத்திரண்டாம் வருஷத்துக் காலண்டரில் ஒரு துரைசானி முருங்கைக்காய்போல் வந்து நின்றாள். அன்றிலிருந்து சதைப்பற்றுள்ள பெண்களுக்குக் குறை. பெண்கள் என்னவோ அப்படியேதான் இருந்தார்கள். காலண்டர்தான் மாறிற்று.

இந்த உலகநாதன் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் காசம்மாளின் கைக்குழந்தை பவுனம்மாளைப் பார்க்க வந்தார். தொட்டிலுக்குள் தலையைச் சாய்த்தார்.

"ராசாத்தி மாதிரி கீது காசம்மா. ஒரே ஒரு கொறை. காது குட்டை."

போதாதா? குழந்தையின் காதில் ஓட்டை போட்டு, பஞ்சைத் திணித்து, பிறகு ஓலைச் சுருளைச் செருகி, பிறகு ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு, குழந்தை வீறிட வீறிடக் காசம்மாள் காது வளர்த்தாள். ஏழு வயதில் அது தோளைத் தொட்டது. பாண்டி ஆடும்போது பவுனம்மாள் குதித்தால் அவள் காதே அவளைக் கன்னத்தில் அறையும். உலகநாதன் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். இதல்லவா காது!

காலண்டர் மாறிற்று. தொள்ளைக் காது பட்டிக்காட்டுக் காது ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் காதைப் பார்த்துவிட்டு, வெற்றிலையைக்கூடத் தொடாமல் வண்டி ஏறினார்கள். மூன்றாவதும் தட்டிப்போனால் இரண்டாந்தாரமாகத்தான் தள்ளிவிட வேண்டும் என்று காசம்மாள் அழத் தொடங்கிய சமயத்தில், உலகநாதனே ஒரு வரன் கொண்டுவந்தார். செல்லிப்பட்டு ருக்குமணியின் மகன் சாமிநாதன்; சைகோனில் கணக்கு உத்தியோகம்; லீவில் வந்திருக்கிறான்.

"பையன் எனுக்குக் கடுதாசி எழுதிக்கீறான். பொண்ணு எப்படி இருந்தாலும் சரி, தொள்ளைக் காது மட்டும் கூடாதாம். சைகோன்ல சிரிப்பாங்களாம்."

"இன்னா அண்ணே, நீதானே குணுக்குப் போடச் சொன்னே?"

"அது அந்தக் காலத்துக் காது. இது இந்தக் காலம். புதுச்சேரி ஆஸ்பத்திரில அறுத்துத் தெச்சுடறாங்க காசம்மா. கட்டெறும்பு கடிச்சாப்பல இருக்கும், அவ்ளோதான்."

"உன்னைக் கடிச்சுதா மாமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பவுனம்மாள்தான்.

"பாத்தியா, வாய்! பொண்ணு எல்லாம் சரிதான், ஒரே ஒரு..."

"ரெண்டாச்சு மாமா. காதையும் சேத்துக்க."

ஆனாலும் போனாள். வேறென்ன செய்வாள்? இரண்டு வண்டிகள் திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தவள் அவள். டாக்டர் வலக்காதின் தொங்கலை அறுத்து, ஒட்டி, ஏழு தையல் போட்டார். கட்டெறும்பு அல்ல, கட்டெறும்புப் புற்றே கடித்தது. "இது நல்லா ஆறட்டும், அடுத்த மாசம் அந்தக் காது" என்று சொல்லி அனுப்பினார். அது அவருடைய முறை.

அடுத்த மாதம் வரவில்லை. அதற்குள் கப்பல் வந்துவிட்டது. சாமிநாதனின் லீவைக் குறைத்துத் தந்தி வந்தது. தையல் பிரித்த நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, பெண் பார்க்க வருகிறார்கள்!

ஒரு காது காலண்டர்க் காது. இன்னொன்று தோளில் கிடக்கிறது. காசம்மாள் யோசித்தாள். கூடத்தில் மாப்பிள்ளையைப் பெண்ணுக்கு வலப்பக்கம் உட்காரவைத்து, அவளைப் பக்கவாட்டில் உட்காரவைத்துவிட்டால் தைத்த காது மட்டும்தானே தெரியும்? அப்படியே செய்தாள். அந்த அவசரத்தில், பெண்டுகள் அடுப்பங்கரைப் பக்கம் உட்காருவார்கள், அது இடப்பக்கம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. உலகநாதன் நடுவில், நேர் எதிரே. இரண்டு காதும் தெரியும் ஒரே இடம் அது.

முதலில் வாய் திறந்தவள் ருக்குமணி. கடிதச் சங்கதி அவளுக்குத் தெரியாது.

"அடி ஆத்தா, காதுன்னா இது காது! என் மாமியாரு போட்ட ஆறு பவுன் காதணி தூங்குது பொட்டில. மாட்டறதுக்குக் காதே இல்லாத காலமாப் பூடுச்சேன்னு நெனைச்சேன்."

சாமிநாதன் திகைத்தான். "அந்தச் சின்னக் காதுலயா? எப்படிம்மா தாங்கும்?"

"சின்னக் காதா? உனுக்குக் கண்ணு தெரியலியாடா? தோள்ல கெடக்குது!"

"எங்கம்மா கெடக்குது?"

காசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்தில் இருந்த எல்லாரிலும் உண்மை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் ஒரு பெண்ணின் வாழ்வு மிஞ்சும் என்ற நிலையில் இருந்தவர் ஒருவரே. அவரால் முடியுமா? மூச்சை அடக்கலாம், தும்மலை அடக்கலாம். இதை எப்படி அடக்குவது? உலகநாதன் தலையைச் சாய்த்தார்.

"பொண்ணு எல்லாம் சரிதான். ஒரே ஒரு கொறை..."

பவுனம்மாள் எழுந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு இடக்காதைக் காட்டினாள். மாமியாருக்கு வலக்காதைக் காட்டினாள்.

"பாத்துக்கங்க அத்தே. இது இந்த மாமா பேச்சைக் கேட்டு வளந்த காது. இது இந்த மாமா பேச்சைக் கேட்டு அறுந்த காது. இனிமே அவரு இன்னா சொன்னாலும் கேக்கறதுக்கு எனுக்கு மூணாவது காது இல்ல."

இரண்டு வண்டி போயிற்று, இது மூன்றாவது. காசம்மாளுக்கு வண்டி பூட்டும் சத்தமே கேட்டுவிட்டது. ஆனால் ருக்குமணி, தொங்கும் காதையும் பார்க்காமல் தைத்த காதையும் பார்க்காமல், உலகநாதனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எம்மவன் பொறந்தப்போ தலை சப்பைன்னு சொல்லிட்டுப் போனது நீங்கதானே? ஆறு மாசம் எண்ணெய் போட்டு அழுத்தினேன், அப்புறமும் சப்பையாத்தான் கீது!"

சாமிநாதன் தன்னையறியாமல் பின்மண்டையைத் தடவினான். பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். "மண்டைக்கும் காதுக்கும் சரியாப் போச்சும்மா" என்றான்.

"காது கெடக்குதுடா. இந்த வாய்தான் நம்ம வூட்டுக்கு வேணும்" என்று ருக்குமணி வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இன்னொரு காதை யாரும் தைக்கவில்லை. பவுனம்மாள் சம்மதிக்கவில்லை. ஆறு பவுன் இடக்காதிலும், ஒரு சின்னச் சிவப்புக்கல் தோடு வலக்காதிலுமாக அவள் கப்பல் ஏறினாள்.

உலகநாதன் மனம் திருந்திவிட்டார் என்று நினைப்பீர்கள். போன வாரம் ஒரு வீட்டில் அவரைப் பார்த்தேன். அங்கே வயதுக்கு வந்த பெண், பார்க்க லட்சணமானவள். அவளெதிரே தலையைச் சாய்த்து நிற்கிறார்.

"எல்லாம் சரிதான். ஒரே ஒரு கொறை. ரெண்டு காதும் ஒரே மாதிரி கீது. இப்ப சைகோன்ல அதெல்லாம் இல்லே."

படித்துக்கொண்டே காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டீர்களே, உங்களுக்குப் பயமில்லை. நீங்கள் உலகநாதனிடம் அகப்பட்ட கட்சி. காதைத் தொடாமல், 'கப்பல் ஏறுமுன் அந்த இன்னொரு காதையும் தைத்திருந்தால் பார்க்க நன்றாக இருந்திருக்குமே' என்று நினைத்தவர் யார்? நீங்கள்தானா? கொஞ்சம் இப்படித் திரும்புங்கள், வெளிச்சத்துக்கு வாருங்கள். முகம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு...