எல்லா பார்ட்டும் மாற்றியாயிற்று

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவி மக்களும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருந்துவிட்டுப் போங்கள். இங்கே சௌக்கியமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தாங்கள் போனில் பேசினால் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது. அந்தப் போனை மாற்றுங்கள் என்று ஒரு வருடமாகச் சொல்கிறேன், மாற்றியபாடில்லை. ஆகவே எழுத்து மூலமாகத் தெரிவிப்பது என்னவென்றால், தாங்கள் என் தலையில் கட்டிய சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் விஷயத்தில் என் பொறுமை இன்றோடு தீர்ந்துவிட்டது.

தங்களுக்கு மறதி ஜாஸ்தி என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் ரிடையர் ஆன மறுமாதம் தாங்கள் ரிப்பேர் வேலை பார்க்கும் வாத்தியக் கடைக்கு வந்தேன். இருப்பதிலேயே மலிவான கிட்டாரை எடுத்துக் கையில் கொடுத்து, "அத்தான், உடம்பு நல்ல மரம், பார்ட்ஸ்தான் மட்டம். ஒண்ணொண்ணா நல்லதா மாத்திக்கிட்டே வாங்க, பெரிய கிட்டாரெல்லாம் தோத்துப் போயிடும்" என்று சொன்னது யார்? நானா? எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். தகர டப்பா ஃபாக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் பிரஸ் மெஷின்களுக்கு நடுவில் நின்று பார்ட் மாற்றியவன். எந்த மெஷினில் எந்த பேரிங் போச்சு என்று சத்தத்தை வைத்தே சொல்லுவேன். இந்தக் காதை ஏமாற்ற முடியாது என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார்.

எதுக்காக அந்தக் கிட்டாரை வாங்கினேன் என்பதும் தங்களுக்குத் தெரியும். வர்ற பதினெட்டாம் தேதி எங்களுக்கு முப்பதாவது கல்யாண நாள். தங்கள் அக்கா கல்யாணமான புதுசில் எந்நேரமும் பாடுவாள். பாத்திரம் கழுவினால் பாட்டு, துணி மடித்தால் பாட்டு. அதிலும் ஒரு பாட்டு, தங்களுக்கே தெரியும். அவள் பாடுவதை நிறுத்தி ஏழெட்டு வருஷமாச்சு. என்ன கோபமோ, என்ன சலிப்போ, நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அந்தப் பாட்டை நான் கிட்டாரில் எடுத்துக்கொடுத்தால் ஒரு வரியாவது திரும்பப் பாட மாட்டாளா என்றுதான் இத்தனை பாடும். இதில் விளையாடிவிட்டாயே மச்சான்! "தாங்கள்" எல்லாம் போதும். இனி "நீ"தான்.

முதல்ல கம்பியை இழுத்துக் கட்டற முறுக்காணி. பழசு ஒரு பாட்டு முடியறதுக்குள்ள தளர்ந்துடுதுன்னு ஆறையும் கழட்டிட்டு நீ அனுப்பின புதுசைப் போட்டேன். சத்தம்? மந்தம். தடிச்ச கம்பி மூணும் பரவாயில்ல, மெல்லிசுக் கம்பி மூணும் கம்பளியைப் போத்திக்கிட்டுப் படுத்துக்கிடக்குது. கேட்டா நீ, "கழுத்து உச்சியில கம்பி உக்கார்ற பிளாஸ்டிக் துண்டை எடுத்துட்டு எலும்புல போடுங்க அத்தான்"ன. போட்டேன். அந்த எலும்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் எலும்பு தெரிஞ்சுபோச்சு. மந்தம். அடுத்து, "பிக்கப்பை மாத்துங்க, கம்பி அதிர்றதைப் பிடிச்சு ஸ்பீக்கருக்கு அனுப்புறதே அந்தக் காந்தம்தான்"ன. மாத்தினேன். சால்டரிங் அயர்னை வெச்ச இடத்துல சாப்பாட்டு மேசை விரிப்புல ஓட்டை விழுந்து, அதை மறைக்க ஊறுகாய் பாட்டிலை நான் வைக்க, அவ எடுக்க, நான் வைக்க, ஒரு வாரம் வீட்ல சமாதானமே இல்ல. சத்தம்? மந்தம்! அப்புறம் வால்யூம் திருகு, டோன் திருகு, உள்ள இருக்கிற வயரு, வெளிய போற கேபிளு, கடைசியா ஸ்பீக்கர் பெட்டியே புதுசு. கூர்மைக்கான திருகைப் பத்து வரைக்கும் திருப்பியாச்சு, அதுக்கு மேல நம்பர் இல்ல. இன்னிக்கு அந்தக் கிட்டார்ல பழசுன்னு இருக்கிறது மரமும் சிவப்புப் பெயின்ட்டும்தான்.

இந்த லட்சணத்துல வீட்ல எனக்கு மரியாதை வேற இல்ல. நான் கிட்டாரை எடுத்தா உங்க அக்கா பஞ்சை எடுத்துக் காதுல வெச்சுக்கறா. கட்டின புருஷன் வாசிக்கிறதைக் கேக்கக் கூடாதுன்னு பஞ்சு! மாடி வீட்டுப் பல் டாக்டர் கதவு இடுக்குல சீட்டு செருகிட்டுப் போறார்: "ஐயா, தங்கள் வாத்தியத்தால் எனக்கே பல் கூசுகிறது. நாலு தடவை கதவைத் தட்டினேன், பெல்லும் அடித்தேன்." பச்சைப் பொய். நான் ஹால்லயேதான் உக்காந்திருந்தேன், எவனும் தட்டல. பெல்லும் அடிக்கல. அது எப்படி அடிக்கும், மூணு பெல் மாத்திட்டேன், மூணும் போலி. இந்தக் காலத்துல எந்தப் பார்ட்டையும் நம்ப முடியல. டிவியில செய்தி வாசிக்கிறவன்கூட வாய்க்குள்ளயே முனகறான். இதுக்கு நடுவுல உங்க அக்கா, "ஒரு தடவை காதைக் காட்டுங்களேன்"னு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கா. குத்தலைப் பாரு! உங்க குடும்பத்துக்கே வாய் நீளம், இப்ப கையும் நீண்டுபோச்சு.

ஆகவே முடிவாச் சொல்றேன். நீ அனுப்பின அத்தனையும் போலி. தெரிஞ்சு அனுப்பினியோ தெரியாம அனுப்பினியோ, அக்கா புருஷனை இளிச்சவாயனாக்கிட்ட. உன் கடை முதலாளிக்குத் தனியா நாலு பக்கம் எழுதி நேத்தே தபால்ல சேர்த்துட்டேன். கிட்டாரை ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போ. பதினெட்டாம் தேதி சாப்பாட்டுக்கு வராதே. வந்தாலும் பெல் அடிக்காது.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
ஏமாற்றப்பட்ட உன் அத்தான்

பின்குறிப்பு: நாலு நாள் கழித்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லி உங்க அக்காகிட்ட கொடுத்தேன். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சிருக்கா. அவ பாட்டை நிறுத்தினதைப் பத்தி எழுதியிருக்கேனே, அந்த வரியில விரலை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் காது டாக்டர்கிட்ட உக்கார வெச்சா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடைச்சு, சத்தம் கேட்டா பட்டனை அமுத்துங்கன்னு டெஸ்ட் எடுக்கிற பொண்ணு சொல்லுச்சு. ரொம்ப நேரமா ஒரு சத்தமும் வரல. "உங்க மெஷின்ல பார்ட் மாத்தணும்மா"ன்னேன். அந்தப் பொண்ணு மெஷினைப் பாக்கல, உங்க அக்காவைப் பாத்துச்சு. தகரம் அடிச்ச சத்தம் முப்பத்திரண்டு வருஷமா மெல்லிசுக் கம்பி மூணையும் என் காதுக்குள்ளயே அறுத்துப் போட்டிருக்குதாம் மச்சான்.

இப்ப ரெண்டு காதுலயும் மெஷின். வீட்டுக்கு வந்து கிட்டாரை ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். ஐயையோ! பல் டாக்டர் மகான். திருகைப் பத்துலேர்ந்து ரெண்டுக்கு இறக்கிட்டேன். முதலாளிக்கு எழுதினது வந்து சேர்ந்திருந்தா, அத்தானுக்குப் புத்தி சரியில்லன்னு சொல்லிக் காலைப் பிடிச்சுக்கோ, நானும் வந்து பிடிக்கிறேன். பதினெட்டாம் தேதி எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. பெல் அடிக்குது, மூணுமே அடிக்குது.

இன்னொண்ணு. நேத்து சாயங்காலம் ஹால்ல கம்பியைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். அடுப்படியிலேர்ந்து அந்தப் பாட்டு வந்துச்சு. துணி கையோட அப்படியே எந்திரிச்சுப் போய், "எப்ப திரும்ப ஆரம்பிச்சே?"ன்னு கேட்டேன். அவ தட்டைக் கழுவிக்கிட்டே, திரும்பாமலே, "எப்ப நிறுத்தினேன்?"னா.

ஏழெட்டு வருஷம்டா. பத்தடி தூரத்துல உக்காந்திருந்திருக்கேன்.

வந்து கிட்டாரை எடுத்தேன். அவ கொஞ்சம் இறக்கித்தான் பாடுறா, வயசாச்சு இல்ல. ஆறு கம்பியையும் அவ குரலுக்கு இறக்கி வெச்சேன். பாட்டு முடியற வரைக்கும் ஒண்ணுகூட நகரல. நீ அனுப்பின முறுக்காணி நல்ல முறுக்காணிதான் மச்சான்.